மெலிசான, படிந்து போகும் முடிக்கு ஷாம்பு தேடுவது எப்படி? வேலூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலூருக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்கள் ஒன்றிரண்டு மாதத்திலேயே சொல்ல ஆரம்பிப்பார்கள், "இங்க வந்ததுல இருந்து முடியே சரியில்ல." அடர்த்தியான சுருட்டை முடிக்காரர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். மெலிசான, நேரான முடி உள்ள நாம்தான் மாட்டிக்கொள்கிறோம். காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் மண்டையோடு ஒட்டிவிடும், பின்னினால் எலிவால், மல்லி வைத்தால் ஹேர்பின்னோடு சேர்ந்து நழுவும். ஹெல்மெட் போடுகிறவர்கள் கதையைச் சொல்லவே வேண்டாம்.

கடைக்காரர் சொன்னது, ஆபீஸ் அக்கா சொன்னது, விளம்பரம் சொன்னது என்று எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து அலைந்த பிறகுதான் எனக்கு ஒரு ஒழுங்கு பிடிபட்டது. அதை வரிசையாக எழுதுகிறேன். "பேரை மட்டும் சொல்லுங்க, வாங்கிக்கிறேன்" என்பவர்களுக்கு: எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே பெயர் கிடையாது. உங்கள் வீட்டுத் தண்ணீர் வேறு, என் வீட்டுத் தண்ணீர் வேறு. ஆனால் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, இது வேண்டாம், இதை முயன்று பார்க்கலாம் என்று இரண்டு நிமிடத்தில் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. முடி மெலிசா, இல்லை முடியே கம்மியா?

இரண்டும் வேறு. சீப்பில் வந்த ஒரு முடியை எடுத்து, வெள்ளைத் தாளில் தையல் நூலுக்குப் பக்கத்தில் வையுங்கள். மனித முடி பொதுவாக 50 முதல் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனுக்குள் இருக்கும். நூலின் பக்கத்தில் இருப்பதே தெரியாத அளவு, விரலிடுக்கில் உருட்டினாலும் தட்டுப்படாத அளவு என்றால் உங்களுடையது மெலிசு. இனி கண்ணாடி முன் நின்று வகிடு எடுங்கள். வகிட்டில் மண்டைத் தோல் அகலமாகத் தெரிந்தால் அடர்த்தி குறைவு. மெலிசாக இருந்தும் அடர்த்தியாக இருக்கிறவர்கள் உண்டு, அவர்களுக்குச் சரியான ஷாம்பு கிடைத்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். வகிடு சமீபத்தில்தான் அகலமாகிறது என்றால் நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுங்கள், ஷாம்புவுக்குச் செலவழிக்க வேண்டாம்.

மெலிசான முடி ஏன் படிகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் லேபிள் படிக்க உதவும். மண்டையில் சுரக்கிற எண்ணெய் நேரான முடியில் தடையில்லாமல் கீழே இறங்கிவிடும். இழை மெலிசு என்பதால் தன் எடையையே அதனால் சரியாகத் தாங்க முடியாது. அதன் மேல் எண்ணெய், கண்டிஷனர், தண்ணீரின் உப்பு என்று எது ஒட்டினாலும் உடனே தொங்கிவிடும். ஆகவே நமக்கு வேண்டியது அழுக்கை எடுத்துவிட்டு, தானும் எதையும் விட்டுவைக்காமல் கழுவிப் போகிற ஷாம்பு. கடையில் "ஊட்டச்சத்து", "ஆழ்ந்த ஈரப்பதம்", "பட்டுபோன்ற மென்மை" என்று எழுதியிருப்பதில் பெரும்பாலானவை இதற்கு நேர் எதிர் வேலை செய்கிறவை.

2. ஷாம்பு வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வேலூர், காட்பாடி பக்கம் பல வீடுகளிலும் விடுதிகளிலும் குளிக்க வருவது போர் தண்ணீர், அது பல இடங்களில் கடினத்தண்ணீர். பாலாற்றை ஒட்டி ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஆலைக் கழிவால் கிணற்றுநீர் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். குழாயில் வெள்ளைப் படிவு, ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்புப் பொருக்கு, பக்கெட்டின் உள்பக்கம் சொரசொரப்பு இருந்தால் உங்கள் முடியிலும் அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் படிகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை. மூடியுள்ள தண்ணீர் பாட்டில் இரண்டு எடுங்கள். ஒன்றில் பாதிக்குப் போர் தண்ணீர், இன்னொன்றில் அதே அளவு ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர். இரண்டிலும் சாதாரணக் குளியல் சோப்பைச் சீவி ஒரே அளவு போட்டுக் குலுக்குங்கள். கேன் தண்ணீரில் நுரை நிற்கும். போர் தண்ணீரில் நுரை வராமல் பால்போலக் கலங்கித் திரிதிரியாக மிதந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. இதற்கு ஷாம்புவைப் பயன்படுத்தாதீர்கள், ஷாம்பு கடினத்தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும், ஏமாந்துவிடுவீர்கள்.

எண் வேண்டும் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். முதலில் போன் செய்து கட்டணம், எத்தனை லிட்டர் வேண்டும், எந்த நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை அலசிவிட்டுப் பிடியுங்கள். முகவரி, போரின் ஆழம், தண்ணீர் எடுத்த தேதி ஆகியவற்றை ஒட்டி எடுத்துப் போங்கள். அறிக்கையில் "மொத்தக் கடினத்தன்மை" என்ற வரியைத் தேடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 இதற்கு வைத்திருக்கும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை. வாடகை வீடு பார்க்கும்போதே சோப்புச் சோதனை செய்துவிடுவது இன்னும் நல்லது, வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் கடினத்தன்மை கிடையாது, தண்ணீரில் கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டுகிறது. அடுத்து, ஷவரில் மாட்டுகிற ஃபில்டர். இவற்றில் பெரும்பாலானவை குளோரினையும் தூசியையும் குறைப்பவை. கடினத்தன்மையை எடுக்க ரெசின் (கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைக்கிற சின்ன மணிகள்) வைத்த சாஃப்டனர் வேண்டும், அதற்கு அவ்வப்போது உப்புப் போட்டு ரெசினைப் புதுப்பிக்க வேண்டும். உப்பு போடும் வேலையே இல்லாத ஒன்றை சாஃப்டனர் என்று விற்றால் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்.

சரி, விடுதியில் இருக்கிறவர் என்ன செய்வது? கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். மெலிசான முடிக்கு இரண்டு மூன்று சொம்பு போதும். மாநகராட்சிக் குழாயில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற தெருவாக இருந்தால் அதில் ஒரு பக்கெட்டைத் தனியாகப் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் இருபது லிட்டர் கேன் தண்ணீர். ஒரு குளியலுக்கு மூன்று லிட்டர் என்று கணக்குப் போட்டால் ஒரு கேன் ஆறு குளியலுக்கு வரும், தலைக்குளியல் ஒன்றுக்கு ஐந்து, ஆறு ரூபாய்தான் ஆகும். ஐந்நூறு ரூபாய் ஷாம்புவைவிட இது கொடுக்கிற பலன் அதிகம் என்பது என் அனுபவம். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிந்ததை வடித்து எடுத்தாலும் கடினத்தன்மையில் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும், எல்லாமும் போகாது.

3. பாட்டிலின் முன்பக்கத்தை மறந்துவிட்டுப் பின்பக்கம் படியுங்கள்

நம் நாட்டு அழகுசாதன விதிப்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசையாக எழுத வேண்டும். அதற்குக் கீழே இருப்பவை முன்பின்னாக வரலாம். முதலில் தண்ணீர், அடுத்து நுரைக்கும் பொருள், அப்புறம் மற்றவை. எழுத்து பொடிசாக இருக்கும், செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

நுரைக்கும் பொருள்: சோடியம் லாரெத் சல்ஃபேட், கூடவே கோகமிடோபுரொப்பைல் பீட்டெய்ன் இருந்தால் மெலிசான, எண்ணெய் வடிகிற முடிக்குத் தாராளமாகப் போதும். சல்ஃபேட் என்றாலே விஷம் மாதிரி பயப்படுகிறார்கள். முடி உலர்ந்து சொரசொரப்பாக இருந்தாலோ சாயம் அடித்திருந்தாலோ சல்ஃபேட் இல்லாததைப் பாருங்கள். மற்றபடி சல்ஃபேட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஷியா வெண்ணெயும் ஆர்கன் எண்ணெயும் கொட்டிய ஷாம்பு நமக்குச் சுமைதான்.

விலக்க வேண்டியது: "கோன்", "கோனால்" என்று முடிகிற பெயர்கள், அதாவது டைமெத்திகோன், டைமெத்திகோனால், அமோடைமெத்திகோன். இவை சிலிக்கோன்கள், முடியைப் பூசி வழவழப்பாக்கும். அடர்த்தியான முடிக்கு அருமை, நமக்கு வேண்டாம். பெயருக்கு முன்னால் "பெக்" என்று வந்தால், உதாரணமாக பெக்-12 டைமெத்திகோன், அது தண்ணீரில் கரையும் வகை, அவ்வளவு கவலை இல்லை. வரிசையில் மேலே எண்ணெய், வெண்ணெய் வகைகள் வந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள்.

பார்த்து எடுக்க வேண்டியது: பாலிகுவாட்டர்னியம், குவார் ஹைட்ராக்ஸிபுரொப்பைல்டிரைமோனியம் குளோரைடு. இரண்டும் சிக்கு பிடிக்காமல் இருக்க உதவுபவை. ஏதோ ஒன்று கடைசிப்பக்கம் இருந்தால் சரி. இரண்டும், மேலே சிலிக்கோனும் சேர்ந்து இருந்தால் மூன்றாவது குளியலிலிருந்து முடி கனக்கத் தொடங்கும்.

இருந்தால் நல்லது: ஹைட்ரோலைஸ்டு புரதம், அதாவது சிறு துண்டுகளாக உடைத்த புரதம் (கோதுமை, அரிசி, கெரட்டின் எதுவானாலும்), பாந்தெனால் (வைட்டமின் பி5 வகை). இழையின் மேல் லேசாக ஒட்டி அடுத்த குளியல் வரை கொஞ்சம் தடிமன் காட்டும். "வால்யூம்" என்று போட்ட ஷாம்புகள் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. புது முடி முளைக்கவைப்பது எந்த ஷாம்புவாலும் நடக்காது. பயோட்டின், வெங்காயம், காஃபின் என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தால் விலையை மட்டும் பாருங்கள்.

கடினத்தண்ணீர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் பாட்டில் தேவைப்படலாம். முடியில் படிந்த சுண்ணாம்பை எடுப்பதற்கென்றே கீலேட்டிங் ஷாம்பு என்று விற்கிறார்கள், பட்டியலில் இ.டி.டி.ஏ., சிட்ரிக் அமிலம், ஃபைட்டிக் அமிலம் போன்றவை ஓரளவு முன்னால் இருக்கும். சாதாரண ஷாம்புகளிலும் கடைசியில் துளி இ.டி.டி.ஏ. இருக்கும், அது ஷாம்பு கெடாமல் இருக்கப் போடுவது, முடியில் படிந்த சுண்ணாம்பை எடுக்க அது போதாது. கீலேட்டிங் வகையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும், தினம் போட்டால் முடி வறண்டு முறுக்கிக்கொள்ளும்.

ஷாம்பு கட்டி வாங்குகிறவர்கள் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்றிருந்தால் அது ஷாம்புதான். சோடியம் பால்மேட், சோடியம் கோகோவேட் என்றிருந்தால் அது சோப்பு. சோப்பும் நம் தண்ணீரும் சேர்ந்தால் பாட்டில் சோதனையில் பார்த்த அதே திரி முடியில் பிசுபிசுவென்று படியும். மூலிகை, கைத்தயாரிப்பு என்று அழகான அட்டையில் வருபவற்றில் இந்தக் கூத்து அதிகம்.

4. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

தொடக்கத்திலேயே பெரிய பாட்டில் வாங்காதீர்கள். தெருமுனைக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டில் நான்கைந்து எடுத்துப் பாருங்கள், பத்து ரூபாயோடு போகும். பாக்கெட்டில் முழுப் பட்டியல் பெரும்பாலும் இருக்காது, அதனால் சூப்பர் மார்க்கெட்டில் அதே பெயருள்ள பாட்டிலை எடுத்துப் படித்துவிட்டு வந்து பாக்கெட் வாங்குங்கள். எல்லா வகையும் பாக்கெட்டில் வராது, அவற்றுக்கு இருப்பதிலேயே சின்ன பாட்டில். மொத்தமாக வாங்க லாங் பஜார் பக்கம் போகலாம், ஆனால் அது ஒரு ஷாம்பு பிடித்துப்போன பிறகு.

விலையை ஒரு குளியலுக்குக் கணக்குப் போடுங்கள். தோள் வரை உள்ள மெலிசான முடிக்கு 5 மில்லி போதும், இடுப்பு வரை என்றால் 10. முந்நூறு ரூபாய்க்கு 200 மில்லி பாட்டில் வாங்கி 10 மில்லி வீதம் போட்டால் ஒரு குளியல் பதினைந்து ரூபாய். வாரம் மூன்று முறை குளித்தால் ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

வாங்கும்போது தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண், தயாரிப்பு உரிம எண் நான்கையும் பாருங்கள். பேட்ச் எண் அழிந்திருந்தாலோ மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ அந்தப் பாட்டில் வேண்டாம். பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்ல பில்லும் பேட்ச் எண்ணும் வேண்டும்.

பார்லரில் முடி வெட்டப் போனால் "முடி ரொம்ப வீக்கா இருக்கும்மா, கெரட்டின் பண்ணிடலாம்" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள், தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஸ்மூத்தனிங், கெரட்டின் எல்லாம் விரிந்து பறக்கிற முடியைப் படியவைக்கும் வேலை. ஏற்கெனவே படிந்து கிடக்கிற முடிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து அதை ஏன் செய்ய வேண்டும்?

5. போடும் முறை

ஷாம்புவை நேராகத் தலையில் ஊற்ற வேண்டாம். ஒரு சொம்பில் கால் பங்கு நல்ல தண்ணீர் எடுத்து அதில் கலக்கி ஊற்றுங்கள், பரவும், அலசவும் சுலபம். விரல் நுனியால் மண்டைத் தோலை மட்டும் ஒரு நிமிடம் தேய்த்தால் போதும், நுனி முடிக்கு வழிகிற நுரையே போதுமானது. எண்ணெய் வைத்த நாளில் இரண்டு முறை போடுங்கள். அலசும் நேரம் தேய்க்கும் நேரத்தைவிட இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

கண்டிஷனர் வேண்டுமா என்றால், நீளமுடிக்கு வேண்டும், இல்லாவிட்டால் சிக்கு எடுக்கும்போதே பாதி முடி அறுந்துவிடும். ஆனால் காதுக்குக் கீழே மட்டும், சுண்டைக்காய் அளவு. அதுவும் கனத்தால் வரிசையை மாற்றிப் பாருங்கள்: ஈர முடியின் நுனியில் கண்டிஷனர், இரண்டு நிமிடம் கழித்து மண்டைக்கு ஷாம்பு, அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து அலசல்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? வேலூர் வெயிலில் சித்திரை, வைகாசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் தாராளமாகப் போடலாம், வியர்த்துக் கொட்டினால் தினமும்கூட. "தினம் ஷாம்பு போட்டா முடி கொட்டும்" என்று அத்தைமார்கள் சொல்வதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி எப்படியும் உதிரும். வாரம் ஒருமுறை குளித்தால் அத்தனையும் ஒரே நாளில் கையில் வருகிறது, பார்க்கப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், நெற்றியிலும் கழுத்திலும் தோல் கருத்துக் கொப்புளம்கூட வரும். புளிப்பு அலசல் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஊற்றிவிட்டுத் திரும்ப அலசிவிடுங்கள்.

ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுங்கள். தலையைக் குனிந்து மின்விசிறிக் காற்றில் வேரைக் காயவைத்தால் அரைநாளாவது தூக்கி நிற்கும். ஈரத்தோடு ஹெல்மெட் போட்டால் இவ்வளவு நேரம் சொன்னது அத்தனையும் வீண்.

6. எண்ணெய், சீயக்காய், அரப்பு

தேங்காய் எண்ணெயை விடச் சொல்லவில்லை. அது முடிக்குள் இறங்கிக் கழுவும்போது புரதம் இழப்பதைக் குறைக்கும். ஆனால் குளிப்பதற்கு முன்னால், ஒரு தேக்கரண்டி, நுனிப்பக்கம். குளித்த பிறகு தலையில் வைத்துப் படிய வாரிக்கொண்டு போகிற பழக்கத்தை மட்டும் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் இருந்தால் அன்றைக்கு ஷாம்பு இரண்டு முறை.

சீயக்காய்ப் பொடியை அப்படியே தேய்த்தால் மெலிசான முடி சிக்காகி அறும், துகள் வேரில் தங்கும். காயை ஊறவைத்துக் கொதிக்கவைத்து மெல்லிய துணியில் வடித்த தண்ணீர் பரவாயில்லை. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரப்பு மென்மை கொடுக்கும், கூடவே ஒரு பூச்சையும் விடும், அதனால் எனக்கு அது ஒத்துவரவில்லை. நாட்டு மருந்துக் கடையில் கலந்து அரைத்து வைத்த பொடியைவிடத் தனித்தனியாக வாங்குங்கள், எது ஒத்துவரவில்லை என்றாவது தெரியும்.

7. எத்தனை நாள் பார்ப்பது

ஒரு ஷாம்புவுக்கு நான்கு வாரம் கொடுங்கள். முதல் குளியலில் எந்த ஷாம்புவும் நன்றாகத்தான் இருக்கும், பழைய பூச்சைக் கழுவுகிறது என்பதால். மூன்றாவது வாரத்தில் கனக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த நான்கு வாரத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். ஊருக்குப் போய்வந்தால் அதையும் குறித்துவையுங்கள்: அங்கே நன்றாக இருந்து இங்கே படிந்தால் குற்றம் தண்ணீர் மேல். அரிப்பு, எரிச்சல், பொரிப்பொரியாக வந்தால் நான்கு வாரமெல்லாம் வேண்டாம், அன்றைக்கே நிறுத்துங்கள்.

8. ஷாம்புவை விட்டுவிட்டு டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

பொடுகு இருந்தால் மருந்துக் கடையில் கீட்டோகோனசோல் (பூஞ்சைக்கான மருந்து) 2 சதவீத ஷாம்பு கிடைக்கும். வாரம் இரண்டு முறை, நுரையை மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வைத்து அலசுங்கள். ஒரு மாதத்தில் அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். டெங்கு, டைபாய்டு மாதிரி கடும் காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் தானே சரியாகும். வகிடு அகலமாவது, வட்டமாக ஒரு இடத்தில் மட்டும் கொட்டுவது, கூடவே களைப்பு, மாதவிடாய்க் கோளாறு என்றால் காத்திருக்காதீர்கள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சி.எம்.சி.யிலும் தோல் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் ஆதார், பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், பயன்படுத்திய ஷாம்புகளின் பின்பக்கப் படம், தண்ணீர் அறிக்கை இருந்தால் அது, இத்தனையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். ஆறு மாதம் முன்பு வகிடு தெரிய எடுத்த போட்டோ செல்போனில் இருந்தால் தேடி வையுங்கள். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள், தோலைப் பார்க்க முடியாது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுக்க வாய்ப்பு அதிகம். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அது தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டவைக்கும், எத்தனை நாள் நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று அவரே சொல்வார்.